எழுபத்திரண்டு என்று சொன்ன நாட்கள்

ஓடுகிற கையை அளப்பதற்காகத்தான் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவருக்கோ கை ஓடாமல் கிடக்கும் நேரத்தின் மேல்தான் கண். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதுவரை லைனில் இருந்த மற்ற பெண்களைப் போல நானும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி. நான் அங்கே தையல் மெஷின் ஆபரேட்டர். ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய தோல் துண்டுகள் வெட்டி வரும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பது எங்கள் வேலை. ஒரு துண்டைத் தைக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, அதை வைத்து மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் போட ஒரு ஆள் உண்டு. அந்த ஆள்தான் இவர். கழுத்தில் கயிற்றில் தொங்கும் ஸ்டாப்வாட்ச், கையில் ஒரு அட்டை, சட்டைப் பையில் தோலில் குறி போடும் சில்வர் பேனா. சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். வந்துவிட்டார் என்பது எதிரே இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். வாட்ச் சார் என்று பெயர் வைத்திருந்தோம். சொந்தப் பெயரும் ஒன்று இருந்தது, ஐ.டி. கார்டில் படித்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொன்னால் எனக்கே வேறு யாரையோ சொல்வது போல இருக்கிறது.

வயதில் என்னைவிட நாலைந்து வருஷம் சின்னவர். ஒடிசலான ஆள். வெட்கம் வந்தால் காது சிவக்கும், கோபம் வந்தாலும் காது சிவக்கும், எது வந்திருக்கிறது என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் ஒரே கேள்வி. "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார்" என்றால், "அளந்து பார்த்தீங்களா?" "இந்த வாரம் கேன்டீன்ல சோறு கம்மியா வெக்கறாங்க சார்." "அளந்து பார்த்தீங்களா?" கிண்டல் செய்கிறார் என்று முதலில் நினைத்தோம். அவர் முகத்தில் கிண்டல் இருக்காது. நாங்கள் அளந்திருந்தால் அந்த எண்ணைத் தானும் தெரிந்துகொள்ளலாமே என்ற ஆசைதான் இருக்கும்.

ஸ்டாப்வாட்சைக் கண்டதும் எங்கள் கைகளுக்கு ஒரு நோவு வந்துவிடும். பத்து நொடியில் தைப்பதைப் பதினைந்து நொடிக்கு இழுப்போம். வேகத்தைக் காட்டினால் நாளைக்கே டார்கெட் ஏறும், பிறகு பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்க முடியாது. அப்படி இழுத்தது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. என் பக்கத்து மெஷின் ஷாஹிதாவிடம் ஒரு நாள் சொன்னார்:

"அக்கா, நெஜமா தைக்கறவங்க கை ஒரு தடவ ஒம்போது வரும், ஒரு தடவ பன்னெண்டு வரும். ஆடிட்டே இருக்கும். உங்களுக்குப் பதினஞ்சு, பதினஞ்சு, பதினஞ்சுன்னே வருது. இவ்ளோ சுத்தமா நடிக்கக் கூடாது."

ஷாஹிதா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப எப்டி சார் நடிக்கணும்?" என்று கேட்டாள். அவர் அதற்கும் யோசித்தார். "ரெண்டு தடவ இழுத்துட்டு, ஒரு தடவ வேகமா தைங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் தான் எந்தப் பக்கத்து ஆள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. காது சிவந்து அங்கிருந்து நடந்துவிட்டார்.

ஒரு நாள் எனக்கு முந்தைய மெஷின் ரிப்பேர். எனக்குத் துண்டு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரே வந்து நின்று வாட்சை அமுக்கினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னா சார், சும்மா ஒக்காந்துருக்கறதையும் அளப்பீங்களா?"

"நீங்க எங்கக்கா சும்மா இருக்கீங்க? இப்ப உங்க உடம்புக்குள்ள எத்தன வேல நடக்குது!" என்றார். என் கண் நிமிஷத்துக்கு எத்தனை தடவை இமைக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாராம். ஒரு வளர்ந்த மனுஷன் செய்கிற வேலையா இது என்று கேட்டேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார்.

குடியாத்தத்துக்காரர். வீட்டில் லுங்கி நெய்கிற பவர்லூம் இரண்டு. நூல் அறுந்து தறி நின்றுபோனாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், சுவரில் கரண்ட் மீட்டரின் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். "தறி ஓடும்போது எவ்ளோ கரண்ட்டுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நிக்கும்போது எவ்ளோன்னு எங்கப்பாகிட்ட கேட்டேன். போடா, வேலையப் பாருன்னாரு. அந்த வேலையத்தான் பார்த்துட்டிருக்கேன்" என்றார்.

அது வெறும் பேச்சில்லை. வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டு வந்தார். முந்தின ராத்திரியோடு சாப்பாடு நிறுத்தம். காலையில் டீ கூடக் கிடையாது. குளிரும் இல்லாத வெக்கையும் இல்லாத ஒரு அறையில் மல்லாந்து படுக்கவைத்து, தலைக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மூடியைக் கவிழ்த்து, அவர் விடுகிற மூச்சுக் காற்றை ஒரு குழாய் வழியாக மெஷினுக்கு அனுப்பினார்களாம். தூங்கக் கூடாது, அசையக் கூடாது, கவலைப்படக் கூடாது. மறுநாள் டீ இடைவேளையில் கல்யாண விருந்துக்குப் போய் வந்தவர் மாதிரி விவரித்தார்.

"அசையவே இல்லக்கா. அப்பவும் ஒரு பழைய குண்டு பல்பு எரியற அளவுக்கு உடம்பு எரிச்சுட்டிருக்கு. மூளை, ஈரல், நெஞ்சு, கிட்னி. இந்த நாலும் சேர்ந்தா எடையில ரொம்பக் கம்மி. ஆனா படுத்துருக்கும்போது எரியறதுல பாதிக்கு மேல அதுங்கதான் தின்னுது. கை, காலு பாவம். இருக்கற சைஸுக்குக் கொஞ்சமாத்தான் கேக்குது."

"தூங்கும்போது கூடவா மூளை தின்னுது?" என்றாள் ஷாஹிதா.

"தூங்கும்போதும் தின்னுது."

"நம்ம சூப்பர்வைசருக்கு?"

"அத அளந்து பார்க்கணும்" என்றார் அவர், சிரிக்காமல். எங்கள் மேஜை முழுக்கச் சிரித்து ஓய ரொம்ப நேரம் ஆயிற்று. ஏன் சிரிக்கிறோம் என்று அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

அந்தப் பல்புக் கணக்கால் எங்களுக்கு ஒரு நல்லதும் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்ள ஒரு ஹால் உண்டு. தரையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துப் படுப்போம். ஐந்து நிமிஷத்தில் ஹால் வெந்துபோகும். உள்காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன் கேட்டு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. சும்மா படுத்திருப்பவர்களுக்கு என்ன வெக்கை, மெஷின் ஓடும் இடத்துக்கே ஃபேன் போதவில்லை என்று மானேஜர் சொல்லிவிட்டார். வாட்ச் சார் ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து, நாங்கள் போகும் முன்னால் ஒரு தடவை, படுத்துக் கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் அளந்தார். பிறகு மானேஜரிடம் போய், நாற்பது பேர் படுத்திருப்பது நாற்பது குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி என்று சொன்னாராம். மானேஜர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஃபேனுக்குக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் கேட்டபோது கிடைக்காதது, நாங்கள் எரிகிறோம் என்று அளந்து சொன்னபோது கிடைத்தது. அதற்குப் பிறகு அவரைத் திட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.

ஃபேன் வந்த பிறகு ஹாலில் ஒரு புது விளையாட்டு ஆரம்பமாயிற்று. மூச்சுக் காற்றை அளக்கிற மெஷின் அவரிடம் இல்லை. இருப்பது ஒரு வாட்ச். ஆகவே நாடி. "இது சரியான அளவு இல்லக்கா. ஆனா உள்ள வேல ஜாஸ்தியானா நாடியும் கொஞ்சம் ஓடும். கையில இருக்கறது இதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெண்கள் படுத்திருக்கிற இடத்துக்குள் அவர் வர மாட்டார். வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வராந்தாச் சுவரைப் பார்த்தபடி நிற்பார். "எல்லாரும் கால் மணி நேரம் படுத்தாச்சா? மணிக்கட்டுல ரெண்டு விரல் வைங்க. ஸ்டார்ட்." ஒரு நிமிஷம் ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும். "ஸ்டாப்." பிறகு ஒவ்வொருத்தியாக நம்பரைச் சொல்வோம். ஷாஹிதா அதை ஒரு கழிவுத் தோலில் சில்வர் பேனாவால் எழுதி, வாசலுக்குப் போய், திரும்பாமல் நிற்கிற அவருடைய கையில் கொடுப்பாள். வாங்கிப் பார்த்துக்கொண்டே போவார், எதிரே வருகிறவர்கள் மேல் முட்டிக்கொள்வார்.

முதலில் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் செய்தோம். போகப் போக எங்களுக்கும் அதில் ஒரு ருசி வந்துவிட்டது. நாம் ஒன்றும் செய்யாமல் கிடக்கும்போது உள்ளே இத்தனை நடக்கிறதா என்பது பெரிய அதிசயமாக இருந்தது. யாருக்கு நம்பர் ஏறும், யாருக்கு இறங்கும் என்று பேசிக்கொள்வோம். "படுத்துருக்கும்போதே ஏறுதுன்னா, ஒண்ணு காய்ச்சல் இருக்கணும், இல்லன்னா எங்கயாவது காயம் ஆறிட்டிருக்கணும். வளர்ற புள்ளைங்களுக்கும் ஜாஸ்திதான். உடம்பு உள்ள எதையாவது கட்டிட்டிருந்தா அதுக்குத் தனியா எரிக்கணும் இல்லியா?" என்று ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இன்னொரு வகை ஆளை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நாற்பது பெண்களுக்கு மத்தியில் சொல்ல ஒரு கல்யாணமாகாத ஆளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

எனக்கு அந்த இன்னொரு வகை தெரியும். அதற்கு முன் இரண்டு தடவை நான் அந்த வகையில் இருந்திருக்கிறேன். இரண்டும் மூன்றாம் மாதத்தில் போயின. இரண்டு தடவையும் தெரிந்த அன்றே வீட்டுக்காரரிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்னேன், சபையில் ஜெபிக்கச் சொன்னேன். போன பிறகு அத்தனை பேருக்கும் திரும்ப ஒரு முறை சொல்ல வேண்டியிருந்தது. போன துக்கத்தைவிட அந்தச் சொல்லுகிற துக்கம் பெரிதாக இருந்தது. அதனால் மூன்றாம் தடவை நாள் தள்ளிப்போனபோது யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு அசந்து வந்து படுக்கிற வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும் தெரியட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் லெந்து தொடங்கியது, ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள். நான் ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை பண்ணினேன், நேர்த்திக்கடன் மாதிரி. ஞாயிறு நீங்கலாக நாற்பது நாளும் மதியச் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும், இந்தப் பிள்ளை தங்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தைக்கிற வேலைதானே, மதியம் ஒரு வேளை விட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். காலையிலும் குமட்டலில் இரண்டு இட்லி இறங்காது. அதையும் பொருத்தனையின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

லெந்து பாதியைத் தாண்டியபோது ரம்ஜான் நோன்பும் ஆரம்பித்தது. அந்த வருஷம் இரண்டும் கொஞ்ச நாள் சேர்ந்து வந்தன. கேன்டீனில் பாதி மேஜை காலி. நோன்பு வைத்த பெண்களெல்லாம் மணி அடித்ததும் நேரே ஹாலுக்கு வந்து படுத்துவிடுவார்கள். நானும் எங்கள் சபைப் பெண்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே அங்கேதான் இருப்போம். வாட்ச் சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"வெறும் வயிறு, படுக்கை, அரை மணி நேரம் அமைதி! காலேஜ்ல என்னென்ன கேட்டாங்களோ அத்தனையும் இங்க தானா வந்துருக்கு" என்றார். முதுகைப் பார்த்தே அவர் முகத்தின் சந்தோஷத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அன்றிலிருந்து தினமும் எண்ணினோம். நாலைந்து நாளில் நோன்புக்காரர்களில் பல பேருக்கு நம்பர் இரண்டு மூன்று இறங்கியது. கிடைப்பது குறைந்ததும் உடம்பு கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது போல என்று சொல்லிவிட்டு, இத்தனை பேரை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று உடனே தன் வாயைத் தானே அடைத்தார். எனக்கு இறங்கவில்லை. முதல் நாள் எண்ணியபோது எண்பத்து மூன்று. என்னுடைய வழக்கமான நம்பர் எழுபத்திரண்டு. எனக்குக் காய்ச்சல் இல்லை, காயமும் இல்லை. எண்பத்து மூன்று என்று சொன்னால் நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பும், அதில் முப்பது பேர் பிள்ளை பெற்றவர்கள். "எழுபத்திரண்டு" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் முதல் எண்ணவே இல்லை, மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்துவிட்டு எழுபத்திரண்டு என்றேன்.

ஏழாவது நாள் அவர் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று வாட்ச் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார் நம்பரும் ஏறுது, எறங்குது. உங்களுது மட்டும் அசையவே இல்ல. எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு... எந்த ஒடம்பும் இப்டி இருக்காதுக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?" மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தே விட்டேன். லைன் மொத்தமும் திரும்பியது. "இன்னா சார் நெனச்சுட்டிருக்கீங்க? தைக்கறத அளக்கறீங்க, விட்டோம். படுக்கறத அளக்கறீங்க, அதையும் விட்டோம். என் ஒடம்பு, என் கையி, அது இன்னா ஓடுதுன்னு ஒங்களுக்கு எதுக்கு சார் கணக்கு? ஒரே பேஜாரா போச்சு!"

காது சிவந்தது. இந்தத் தடவை எது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. "சாரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் வாசலில் நின்று எண்ணச் சொன்னவர், என் முறை வந்தபோது, "அவங்கள விட்டுடுங்க. அடுத்தவங்க" என்றார்.

கேட்பவர் இல்லை என்றான பிறகு எனக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அவர் ஸ்டார்ட் என்றபோது, யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். எண்பத்தெட்டு. அரை மணி நேரமாக ஒரு விரலைக் கூட அசைக்காமல் படுத்திருக்கிறேன், நெஞ்சு படியேறுகிற மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே எதையோ கட்டிக்கொண்டிருக்கிறது இந்த உடம்பு. கட்டுவதற்கு நான் தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு முதல் தடவையாக என் பொருத்தனையை நினைத்துப் பயம் வந்தது. உடனே, பயந்ததற்காக இன்னொரு பயம் வந்தது.

அன்று மூன்று மணிக்குத் தைத்துக்கொண்டிருந்தபோது கண் ஒரு நொடி இருட்டிக்கொண்டு வந்தது. ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. எங்கள் வேலையில் இது புதிதில்லை. முதலுதவி அறையில் கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மெஷின் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுத வாட்ச் சார் வந்தார். காலையில் கத்தியது நினைவில் இருக்கவே வாசலிலேயே நின்றார். நான்தான் கூப்பிட்டேன்.

"சார், ஒரு சந்தேகம். ஒடம்பு உள்ள எதையாவது கட்டும்போது தனியா எரிக்கணும்னு சொன்னீங்களே. அப்ப சாப்பாடு போடலன்னா எங்கேர்ந்து எடுக்கும்?"

அவர் என் விரல் கட்டைப் பார்த்தார். "காயம் ஆறறதுக்குக் கேக்கறீங்களா?"

"ஆமா. காயத்துக்குத்தான்."

கேள்வி என்று வந்துவிட்டால் அவருக்குக் காலையில் வாங்கிய திட்டெல்லாம் மறந்துபோகும். உள்ளே வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். "இருக்கறதுலேர்ந்து எடுக்கும்க்கா. சேத்து வெச்ச கொழுப்பு, அப்புறம் சதை. மூளைக்கும் நெஞ்சுக்கும் நிறுத்தவே நிறுத்தாது. மத்தவங்கதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"அப்ப காயம்? அதுக்குக் கெடைக்குமா, இல்ல அதையும் பொறுத்துக்கோன்னு சொல்லிடுமா?"

ஏதாவது ஒரு ஆறுதலைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். "தெரியலக்கா" என்றார். "அத நான் அளந்தது இல்ல. தெரியாம சொல்லக் கூடாது. ஆனா எனக்குக் காயம் பட்டிருந்தா நான் சாப்ட்டுருவேன்."

கடவுள் கோபித்துக்கொள்வார் என்றோ, கோபிக்க மாட்டார் என்றோ அவர் சொல்லவில்லை. என் உபவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடு என்று அதட்டியிருந்தால் நான் பிடிவாதத்துக்கே பட்டினி கிடந்திருப்பேன், என் குணம் எனக்குத் தெரியும்.

லைனுக்குத் திரும்பியபோது ஷாஹிதா விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நோன்பில் உலர்ந்த வாயோடு வழக்கம்போல ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள். பேரணாம்பட்டில் இருக்கிற அவள் தங்கச்சி மாசமாக இருக்கிறாளாம். "அவ இந்த வருஷம் நோன்பு வெக்கல. மாசமா இருக்கறவங்க ஒடம்புக்கு ஆகலன்னா அப்புறம் வெச்சுக்கலாம். எத்தன நாளு விட்டுச்சோ அத்தன நாளு எண்ணி வெச்சுடணும், அவ்ளோதான்" என்றாள். எதற்கோ சொன்ன பேச்சு. எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் சபையில் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. பொருத்தனை என்றால் பொருத்தனைதான். முறித்தால் முறித்ததுதான்.

மறுநாள் மதியம் மணி அடித்தது. நான் மெஷினிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இருபத்தொன்பது நாள் ஆயிருக்கு. பாக்கி பதினோரு நாளை எனக்கு அப்புறம் வெச்சுக்கக் குடும். பக்கத்து மெஷின்காரி வீட்டுல குடுக்கறாங்களாம், எனக்கும் குடும். இது தப்புன்னா கோவத்த என் மேல காட்டும். உள்ள இருக்கறது ஒண்ணும் பொருத்தனை பண்ணல." பிறகு எழுந்து கேன்டீனுக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

சபைப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "இன்னா, பொருத்தனை முடிஞ்சிடுச்சா?"

"பாக்கிய அப்புறம் வெச்சுக்கறேன்."

"அப்புறமா? லெந்து இன்னா பஸ்ஸா, இத வுட்டா அடுத்ததுல ஏறிக்கறதுக்கு?"

சாம்பார் சோறும் முட்டைக்கோஸ் பொரியலும். ஒவ்வொரு வாயையும் பயந்து பயந்து விழுங்கினேன். அவள் பேச்சு அன்று சாயங்காலமே சபை முழுக்கப் பரவியது. அந்த ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். காரணத்தைச் சொன்னால் அவர்கள் வாய் அடைபட்டுவிடும். சொல்லவில்லை. இதுவும் போய்விட்டால், பொருத்தனையை முறித்தாள், அதனால்தான் போயிற்று என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் ரத்தம் பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அந்த நாட்களைப் போல நான் என்றும் பயந்ததில்லை.

மூன்றாம் மாதம் முடிந்தது. நாலாம் மாதம் முடிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். ஐந்தாம் மாதத்தில் கம்பெனியில் சொன்னேன். ஷாஹிதா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், தங்கச்சி கதையைச் சொன்ன அன்றைக்கே தன்னிடம் சொல்லாததற்கு.

வாட்ச் சார் அதற்குள் எங்களோடு இல்லை. ஈஸ்டர் முடிந்த வாரமே ராணிப்பேட்டைப் பக்கம் இருந்த இன்னொரு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஏழாம் மாதம் எனக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஏதோ சான்றிதழ் வாங்க ஒரு நாள் வந்தார். சாப்பாட்டு மணி அடித்து நாங்கள் வெளியே வருகிறோம், வராந்தாவில் நிற்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்து, என் கண்ணெதிரே, அவர் கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மாதங்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு போய், லெந்துவில் போய் நின்றார்.

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று அத்தனை மாதமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியவே தெரியாது. என் பொய்யை மட்டும்தான் கண்டுபிடித்திருந்தார்.

"அப்ப நீங்க கேட்டது... விரலுக்கு இல்லியா?"

"இல்ல சார்."

பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டிக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெறும் வயித்தோட இருக்கீங்கன்னு சந்தோஷமா எண்ணிட்டிருந்தேனேக்கா. இந்த நெலமையில ஒங்கள பட்டினியா படுக்க வெச்சு எண்ணச் சொன்னேனே" என்றார். கண் நிறைந்துவிட்டது. வராந்தாவில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

"பட்டினி நானா இருந்தது சார். நீங்க எண்ணச் சொல்லலன்னா நான் நாப்பது நாளும் சாப்ட்டே இருக்க மாட்டேன். இது தங்கியிருக்குன்னா ஒங்களாலதான்."

அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு தடவையும் நான் மூன்று வேளை நன்றாகச் சாப்பிட்டேன், இருந்தும் போயின. இது வேறு ஏதாவது காரணத்தாலும் தங்கியிருக்கலாம். அவருக்கும் அது தெரிந்திருக்கும், ஒன்றோடு ஒன்றை அவசரப்பட்டு முடிச்சுப் போடுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்டப் போங்கக்கா, நேரமாவுது" என்று எழுந்து எனக்கு வழி விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பெண் பிறந்தாள். அடுத்த லெந்துவில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் உபவாசம் வைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம், அவள் பால் மறந்த பிறகு, பாக்கி பதினோரு நாளையும் எண்ணி வைத்து முடித்தேன்.